பழைய டிராக்டரில் ஹைட்ராலிக் கசிவு: பம்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளில் பலர் அதைப் புதிதாக வாங்கியவர்கள் அல்லர். இரண்டு கை, மூன்று கை மாறி வந்த பழைய வண்டியே அவர்களுடைய வண்டி. எஞ்சின் நன்றாக ஓடும். டயரும் இன்னும் சில பட்டத்துக்குத் தாங்கும். ஆனால் கலப்பையைத் தூக்கி நிறுத்தினால் நிற்காது. வரப்போரம் வண்டியைத் திருப்புவதற்குள் கொழு மண்ணைத் தொட்டுவிடும். சில வண்டிகளில் இரவு நிறுத்திய இடத்தில் காலையில் எண்ணெய் குளம் கட்டி நிற்கும்.

இந்த நிலையில் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனால், 'ஹைட்ராலிக் பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். நாற்று முதிர்ந்துகொண்டிருக்கும்; வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும். அந்த நெருக்கடியில் விவசாயி கடன் வாங்கியாவது பம்பை மாற்றிவிடுவார். மாற்றிய பிறகும் கலப்பை இறங்குவது நிற்காத வண்டிகள் உண்டு. காரணம், குற்றம் பம்பில் இருப்பதில்லை. சில ரூபாய் விலையுள்ள ஒரு ரப்பர் வளையத்திலோ, தேய்ந்த ஒரு பிஸ்டன் ரிங்கிலோ, குப்பை அடைத்த ஒரு வால்விலோதான் இருக்கும்.

எண்ணெய் எங்கே கசிகிறது என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடித்துவிட்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒரு டார்ச் விளக்கு, அளவுகோல், சில ஸ்பேனர்கள், சுத்தமான பாத்திரம் இரண்டு, பொறுமை ஆகியவை போதும்.

பெர்குசன் அமைப்பு

இன்று பெரும்பாலான டிராக்டர்களில் காணப்படும் மும்முனை இணைப்பும், அதை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் முறையும் பரவுவதற்குக் காரணமானவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அவருடைய டி.இ.20 என்ற சாம்பல் நிற டிராக்டர் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. அதன் வழியில் வந்ததே மாஸி பெர்குசன் 35. சென்னையில் 1960-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை நம் நாட்டிலேயே செய்து விற்கத் தொடங்கியது. இதனால் இந்த வகை வண்டிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நன்கு பழக்கமானவை. பழைய வண்டிகள் பல இன்றும் உழுதுகொண்டிருக்கின்றன. கீழே சொல்லப்படுபவை இந்த வகை வண்டிகளை மனதில் கொண்டவை. வேறு வகை வண்டிகளில் பம்ப் வெளியில் இருக்கலாம். எனினும், கசிவைத் தேடும் முறை ஏறக்குறைய ஒன்றே.

இந்த வண்டிகளில் ஹைட்ராலிக் பம்ப் வெளியே தெரியாது. டிரைவர் இருக்கைக்குக் கீழே, நடுப் பெட்டியின் அடியில், எண்ணெயில் மூழ்கி இருக்கும். கியர்களுக்கும் லிப்டுக்கும் ஒரே எண்ணெய்தான். பம்பில் நான்கு சிறிய பிஸ்டன்கள் உண்டு. பி.டி.ஓ. தண்டின் வழியாக அவற்றுக்கு இயக்கம் வருகிறது. பம்ப் தள்ளும் எண்ணெய் ஒரு செங்குத்துக் குழாய் வழியாக மேலே ஏறி, இருக்கைக்குக் கீழுள்ள மேல் மூடியில் பொருத்தப்பட்ட லிப்ட் சிலிண்டருக்குள் செல்கிறது. அங்குள்ள பெரிய பிஸ்டன் தள்ளப்படும்போது லிப்ட் கைகள் உயர்கின்றன. கலப்பையைக் கீழே அழுத்த எண்ணெய் பயன்படுவதில்லை. எண்ணெய் வெளியேறினால் கலப்பை தன் எடையாலேயே இறங்கும்.

இந்த அமைப்பில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு வால்வு, பம்புக்குள் எண்ணெய் நுழையும் வாயிலில் இருக்கிறது. லீவரை உயர்த்தினால் வாயில் திறக்கிறது. பம்ப் எண்ணெயை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. கலப்பை வேண்டிய உயரத்துக்கு வந்ததும் வாயில் மூடிக்கொள்கிறது. பம்ப் வெறுமனே ஓடுகிறது. மேலே சென்ற எண்ணெய் அப்படியே பூட்டி வைக்கப்படுகிறது. லீவரை இறக்கினால் வேறொரு வழி திறந்து எண்ணெய் பெட்டிக்குத் திரும்புகிறது. ஆகவே, பூட்டி வைத்த எண்ணெய்க்கு எந்த இடத்தில் ஓட்டை இருந்தாலும் கலப்பை இறங்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் இறங்கிய அளவுக்குப் பம்ப் மறுபடியும் தூக்கும். இப்படி இறங்குவதும் ஏறுவதுமாகக் கலப்பை தலையாட்டிக்கொண்டே இருந்தால், உள்ளே கசிவு இருக்கிறது என்று பொருள்.

முதலில் பாதுகாப்பு

கசிவு உள்ள லிப்ட் எந்த நேரத்திலும் இறங்கும். தூக்கிய கலப்பைக்கோ, சுழல் கலப்பைக்கோ அடியில் கையையும் காலையும் நீட்டக் கூடாது. கொழுவில் சிக்கிய வைக்கோலை எடுப்பதற்காகக் கூட நீட்டக் கூடாது. அடியில் வேலை செய்ய வேண்டுமானால் கலப்பையைத் தரையில் இறக்கிவிட வேண்டும். அல்லது கனமான மரக் கட்டைகளை முட்டுக் கொடுத்து, எடை முழுவதும் கட்டையில் நிற்கும்படி செய்துகொள்ள வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் போன்றவை முட்டுக்கு ஆகா. திடீரென நொறுங்கிவிடும்.

லிப்ட் அமைப்பில் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டும் அதற்கு மேலும் செல்லும். அதாவது, ஒரு சதுர அங்குலத்தில் ஏறக்குறைய 900 கிலோ எடையை வைத்தது போன்ற அழுத்தம். வெளிக் குழாயில் ஊசித் துளை அளவு ஓட்டை இருந்தாலும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத இழையாகப் பீறிட்டு, தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஆகவே விரலால் தடவிக் கசிவைத் தேடக் கூடாது. ஓர் அட்டைத் துண்டைக் குறுக்கே பிடித்துப் பார்க்க வேண்டும். அட்டையில் ஈரம் பட்டால் அங்கே கசிவு உண்டு. தப்பித் தவறிக் கையில் எண்ணெய் பாய்ந்துவிட்டால், காயம் எறும்பு கடித்த அளவே தெரிந்தாலும், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அழுத்தத்தில் எண்ணெய் உள்ளே போனது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். தாமதித்தால் விரலையே இழக்க நேரிடும்.

வெளிக் கசிவைக் கண்டுபிடித்தல்

கசிவு இரண்டு வகைப்படும். எண்ணெய் வண்டியை விட்டு வெளியேறுவது வெளிக் கசிவு. பெட்டிக்குள்ளேயே ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு ஒழுகுவது உள்கசிவு. உள்கசிவில் எண்ணெய் குறையாது. லிப்ட் மட்டும் நிற்காது. வெளிக் கசிவில் லிப்ட் நன்றாக நிற்கலாம். எண்ணெய் மட்டும் குறையும். சில வண்டிகளில் இரண்டும் இருக்கும்.

வெளிக் கசிவைத் தேடும் முன் வண்டியின் பின்பகுதியை டீசலும் தூரிகையும் கொண்டு கழுவித் துடைக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் இருக்கும்வரை உண்மையான இடம் தெரியாது. நன்றாக உலர்ந்தபின் சந்தேகமான இடங்களில் முகப் பவுடரையோ உலர்ந்த சுண்ணாம்புத் தூளையோ மெல்லியதாகத் தூவிவிட்டு, அரை மணி நேரம் லிப்டை ஏற்றி இறக்க வேண்டும். எங்கே தூள் முதலில் நனைகிறதோ அங்கேதான் கசிவு. எண்ணெய் மேலிருந்து கீழே வழிந்தோடும் என்பதால், சொட்டும் இடத்தைப் பார்க்காமல் நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்:

1. நடுப் பெட்டியின் இருபுறமுள்ள பக்க மூடிகளின் கேஸ்கெட்.

2. லிப்ட் கைகள் வெளிவரும் குறுக்குத் தண்டின் இரு முனைகள்.

3. பி.டி.ஓ. தண்டின் பின்புற ஆயில் சீல்.

4. டிரெய்லர் டிப்பிங் போன்றவற்றுக்கு எண்ணெய் எடுக்கும் இணைப்பும் அதன் ரப்பர் குழாயும்.

5. எண்ணெய் வடிக்கும் அடைப்பானும் அதன் வாஷரும்.

6. பின் சக்கரங்களின் உட்புறம். இங்கே ஈரம் தெரிந்தால் அச்சின் ஆயில் சீல் போய், எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் இறங்குகிறது. இதைத் தள்ளிப் போடக் கூடாது. ஒரு பக்கப் பிரேக் எண்ணெயில் நனைந்துவிட்டால், டிரெய்லரோடு வரும்போது பிரேக்கை மிதித்தால் வண்டி மறுபக்கமாக இழுத்துக் கவிழும்.

7. கிளட்ச் பெட்டியின் அடியிலுள்ள சிறு துளை. அதில் ஒரு பிளவு ஊசி தொங்கும். மண் அடைத்துக்கொள்ளாமல் துளையைத் திறந்து வைப்பதற்காக அதைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பிடுங்கித் துளையை அடைக்கக் கூடாது. அங்கே சொட்டும் எண்ணெய் கறுப்பாக இருந்தால் எஞ்சினின் பின் சீலும், தெளிவாக இருந்தால் கியர் பெட்டியின் முன் சீலும் பழுது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இதைச் சரிசெய்ய வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். இது பட்டறை வேலை.

சொட்டுத்தானே என்று அலட்சியம் செய்வோர் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி ஆகும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு மணிக்கு 180 மில்லி. நாளைக்கு 8 மணி நேரம் உழுதால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். ஒரு வாரம் இப்படி ஓட்டினால் 10 லிட்டர் எண்ணெய் வயலில் போய்விடும். எண்ணெய்க்கு ஆகும் பணத்தில் சிறு பங்கே சீல் விலை.

வெளிக் கசிவைச் சரிசெய்தல்

கசிகிறது என்றவுடன் போல்ட்டை இறுக்கிக்கொண்டே போவது தவறு. அளவுக்கு மீறி இறுக்கினால் மூடி வளையும். வார்ப்பிரும்பில் உள்ள மரை அறுந்துபோகும். ஒரு முறை எல்லா போல்ட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சமமாக இறுக்கிப் பார்க்கலாம். நிற்காவிட்டால் கேஸ்கெட்டை மாற்றிவிட வேண்டும்.

பழைய கேஸ்கெட்டை முழுவதும் சுரண்டி எடுத்து, இரு முகங்களையும் சுத்தம் செய்தபின் புதியதைப் போட வேண்டும். கேஸ்கெட் பசையை அள்ளிப் பூசுவது நம் பட்டறைகளில் உள்ள கெட்ட பழக்கம். உள்பக்கம் பிதுங்கும் பசை காய்ந்து உதிர்ந்து, எண்ணெயோடு கலந்து பம்பின் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளிக் கசிவை நிறுத்தப் போய் உள்கசிவை வரவழைத்துக் கொள்வது போல் ஆகும். மெல்லிய பூச்சு போதும்.

ஆயில் சீலை மாற்றும்போது சீலின் ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய் இருக்கும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் புதிய சீலும் கசியும். பழைய சீல் உரசி உரசித் தண்டில் பள்ளம் விழுந்திருக்கலாம். நகத்தால் தடவினால் பள்ளம் தெரியும். அப்படியானால், இடம் இருக்கும் வண்டிகளில், புதிய சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னாலோ பின்னாலோ அமர்த்த வேண்டும். சீலின் உதடு தண்டின் தேயாத பகுதியில் படியும். பொருத்தும் முன் உதட்டில் எண்ணெய் தடவ மறக்கக் கூடாது. வறண்ட சீல் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும்.

செம்பு வாஷரைக் கழற்றினால் அப்படியே மீண்டும் போடக் கூடாது. அது இறுகிக் கெட்டிப்பட்டிருக்கும். நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்தால் மறுபடியும் இளகி, நன்கு படியும். நூல் சுற்றுவது, சோப்பு வைத்து அடைப்பது, சைக்கிள் டியூபை வெட்டி வளையமாகப் போடுவது ஆகியவை ஒரு நாளைக்கும் தாங்கா. சாதாரண ரப்பர் எண்ணெயில் ஊறிப் பருத்து, பிய்ந்துபோகும். எண்ணெய் தாங்கும் நைட்ரில் ரப்பரில் செய்த, சரியான அளவுள்ள ஓ-ரிங்கையே கேட்டு வாங்க வேண்டும். பழைய ஓ-ரிங்கைக் கடைக்குக் கொண்டு போய் ஒப்பிடும்போது, தேய்ந்து தட்டையான வளையத்தை அளவாகக் கொள்ளாமல் வண்டியின் உதிரிபாக எண்ணைச் சொல்லி வாங்குவது நல்லது.

உள்கசிவு: மூன்று எளிய சோதனைகள்

முதலில் எண்ணெய் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, லிப்ட் கைகளை முழுவதும் இறக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு டிப் ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், எண்ணெய் நுரைக்கும், லிப்ட் உதறும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு செய்யும் பகுதிகளில் பி.டி.ஓ. சீல் வழியாகவும், கியர் லீவரின் கிழிந்த ரப்பர் உறை வழியாகவும் தண்ணீர் புகுவது உண்டு. இந்த எண்ணெயை மாற்றாமல் வேறு எந்தச் சோதனை செய்தும் பயனில்லை.

இரண்டாவது, லீவர்கள். டி.இ.20 வண்டியில் பி.டி.ஓ. லீவரைப் போட்டால்தான் பம்ப் சுற்றும். வாங்கிய புதிதில் இது தெரியாமல் பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ணியவர்கள் உண்டு. மாஸி 35 வகை வண்டிகளில் உயரத்தைக் கட்டுப்படுத்த ஒரு லீவரும், இழுவைக்கு ஏற்ப ஆழத்தைக் கட்டுப்படுத்த மற்றொரு லீவரும் இருக்கும். இழுவை லீவரில் உழும்போது, கடினமான மண்ணில் கலப்பை சற்று உயர்வதும், இளகிய மண்ணில் இறங்குவதும் இயல்பு. அதைக் கசிவு என்று எண்ணக் கூடாது. ஒற்றைக் கிளட்ச் உள்ள வண்டியில் கிளட்சை மிதித்தவுடன் பம்ப் நின்றுவிடும். மிதித்த நேரத்தில் மட்டும் கலப்பை இறங்கினால், உள்கசிவை அதுவரை பம்ப் மறைத்துக்கொண்டிருந்தது என்று அறியலாம்.

மூன்றாவது, இறங்கும் சோதனை. அரை மணி நேரம் வேலை செய்து எண்ணெய் சூடானபின் கல்டிவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை அணைக்க வேண்டும். கீழ் இணைப்புக் கையின் நுனியிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை, பக்கவாட்டில் நின்றபடி அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். பழைய வண்டியில் அரை மணி நேரத்தில் கொஞ்சம் இறங்குவதைப் பெரிய குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஓரிரு நிமிடத்திலேயே தரையைத் தொட்டால் வைத்தியம் தேவை. இந்த அளவை நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், கசிவு நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதும், பழுது பார்த்தபின் குறைந்ததா என்பதும் தெளிவாகத் தெரியும். பட்டறைக்காரரிடம் பேசவும் அது கையில் இருக்கும் சான்று.

வேறு அறிகுறிகளும் உண்டு. காலையில் நன்றாகத் தூக்கி, வண்டி சூடானபின் தூக்கத் தவறினால் தேய்மானம் அல்லது உள்கசிவு. சூட்டில் எண்ணெய் இளகி, சிறு இடைவெளியிலும் ஓடிவிடுகிறது. வெறும் கைகளைத் தூக்கி, கனமான கருவியைத் தூக்காவிட்டால் அழுத்தம் போதவில்லை. அழுத்தம் தணிக்கும் வால்வின் ஸ்பிரிங்கையோ பம்பின் வால்வுகளையோ பார்க்க வேண்டும். விட்டுவிட்டு, படிப்படியாக எகிறித் தூக்கினால் பம்பின் ஒரு பக்க வால்வுகள் சரியாக மூடவில்லை என்று ஐயப்படலாம்.

பக்க மூடியைத் திறந்து பார்த்தல்

உள்கசிவு எந்த இடத்தில் என்பதை வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியதில்லை. கண்ணாலேயே பார்க்கலாம். வடிகால் அடைப்பானைத் திறந்து, பக்க மூடியின் அடி விளிம்புக்குக் கீழே எண்ணெய் இறங்கும்வரை மட்டும் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வடித்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். வலப்பக்க மூடியைக் கழற்றும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட வேண்டும். மூடியோடு லீவரின் இணைப்பு ஏதும் சேர்ந்திருந்தால் அது அமர்ந்திருந்த நிலையைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கலப்பையைத் தூக்கி எஞ்சினை அணைத்தபின் டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது உள்ளே கையையோ, துணியையோ, வேட்டி நுனியையோ கொண்டு போகவே கூடாது.

செங்குத்துக் குழாயின் மேல் முனையிலோ கீழ் முனையிலோ எண்ணெய் வழிந்தால், அங்குள்ள ஓ-ரிங் போயிருக்கிறது. இதுதான் மிகவும் மலிவான பழுது. மேலிருக்கும் மூடியை எடுத்து, குழாயை உருவி, இரு முனை வளையங்களையும் மாற்றிவிடலாம்.

லிப்ட் சிலிண்டரின் திறந்த வாயிலிருந்து, பிஸ்டன் பக்கமாக எண்ணெய் ஒழுகினால், பிஸ்டனின் ரிங் தேய்ந்திருக்கிறது. பழைய வண்டிகளில் வார்ப்பிரும்பு ரிங்குகளும், பின்னால் வந்த சிலவற்றில் ரப்பர் ஓ-ரிங்கும் இருக்கும்.

சிலிண்டரும் மேல் மூடியும் சேரும் இடத்தில் எண்ணெய் பிதுங்கினால், அந்த இணைப்பின் கேஸ்கெட் அல்லது ஓ-ரிங் பழுது. அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது.

மேலே எங்கும் ஒழுக்கு இல்லை, ஆனாலும் கலப்பை இறங்குகிறது என்றால், கசிவு எண்ணெய்க்கு அடியில் இருக்கிறது. கட்டுப்பாட்டு வால்வு, பம்பின் வால்வுகள் ஆகியவற்றில் ஒன்று சரியாக மூடவில்லை. அழுத்தம் தணிக்கும் வால்வு வண்டியின் வகைக்கேற்ப மேலேயோ பம்பிலேயோ இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

இந்த ஒரு சோதனைக்கு அரை நாள் ஆகும். ஆனால் பம்பை மாற்றச் சொல்பவரிடம், 'சிலிண்டர் வாயில் ஒழுகுகிறது, பம்ப் நன்றாக இருக்கிறது' என்று விவசாயியால் சொல்ல முடியும்.

மேல் மூடியைக் கழற்றுவது

சிலிண்டர் ரிங்கை மாற்ற மேல் மூடியைக் கழற்ற வேண்டும். இது கனமானது. ஒருவராகத் தூக்கக் கூடாது. செயின் பிளாக் இருந்தால் நல்லது. லிப்ட் கைகள் முழுவதும் இறங்கிய நிலையில், உள்ளே அழுத்தம் இல்லாதபடி பார்த்துக்கொண்டு தொடங்க வேண்டும். இருக்கையையும் லிப்ட் கைகளின் தொங்கு கம்பிகளையும் எடுத்தபின், மறக்காமல் செங்குத்துக் குழாயை விடுவிக்க வேண்டும். அதை விடுவிக்காமல் மூடியை நெம்பினால் குழாய் வளைந்துவிடும்.

பிஸ்டனை எடுத்தபின் சிலிண்டரின் உட்சுவரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தால் புதிய ரிங் போட்டும் பயனில்லை. சிலிண்டரைத் தேய்த்துச் செப்பனிட முடியுமா, மாற்ற வேண்டுமா என்பதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் காட்டி முடிவு செய்ய வேண்டும். புதிய ஓ-ரிங்கை எண்ணெயில் நனைத்து, முறுக்கு விழாமல் பொருத்த வேண்டும். ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திணித்தால் வளையம் வெட்டுப்படும்.

மூடியைத் திரும்ப வைக்கும்போது, மேலிருந்து இறங்கும் கட்டுப்பாட்டுக் கை, பம்பின் வால்வோடு சரியாகச் சேர்கிறதா என்று பக்க வாயில் வழியாக ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அது விலகி அமர்ந்தால் லிப்ட் ஏறாது, அல்லது ஏறியது இறங்காது. பழுதை நீக்கிய பிறகும் லிப்ட் வேலை செய்யாததற்கு இது ஒரு பொதுவான காரணம்.

பம்பே தேய்ந்திருந்தால்

மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்து, அழுத்தமும் போதாவிட்டால் பம்பை வெளியே எடுக்க வேண்டியதுதான். மேல் மூடியை எடுத்து, பி.டி.ஓ. தண்டை உருவி, பம்பை இருபுறமும் தாங்கும் முளைகளை நீக்கித் தூக்குவது அனுபவசாலியின் வேலை. எடுக்கும் முன் அழுத்த மானியைப் பொருத்தி அளவு பார்க்கும்படி மெக்கானிக்கைக் கேட்க வேண்டும். மானியில் அளக்காமல் பம்ப் போய்விட்டது என்று சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. முழுப் பம்பை மாற்றும் முன் வால்வுகள், ஸ்பிரிங்குகள், சீல்கள் அடங்கிய பழுதுநீக்கத் தொகுப்பைப் போட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்கலாம். கழற்றிய பழைய பாகங்களை வாங்கி வந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

அழுத்தம் போதவில்லை என்று தணிப்பு வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்து இறுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது ஆபத்தானது. அந்த வால்வு, அளவுக்கு மீறிய பாரத்திலிருந்து பம்பையும் சிலிண்டரையும் காப்பதற்காக வைக்கப்பட்டது. அதை முடக்கினால் சிலிண்டரோ மூடியோ வெடிக்கலாம்.

எண்ணெயே உயிர்

பம்ப் தேய்வதற்குப் பெருங்காரணம் அழுக்கு எண்ணெய். இந்த வண்டிகளில் ஏறக்குறைய 30 லிட்டர் எண்ணெய் பிடிக்கும். சரியான அளவையும் தரத்தையும் வண்டியின் கையேட்டைப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். செலவு மிச்சம் என்று எஞ்சினில் வடித்த கரிய எண்ணெயை ஊற்றுவதும், கிடைத்த எண்ணெய்களைக் கலப்பதும் பம்பைக் கொல்லும் வழி. அளவுக்கு மேல் ஊற்றினாலும் கேடுதான். மிகுந்த எண்ணெய் அச்சின் வழியே பிரேக்குக்குப் போகும்.

எண்ணெயை வடிக்கும்போது அடைப்பானில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மெல்லிய சாம்பல் போன்ற பசை இயல்பான தேய்மானம். பளபளக்கும் இரும்புச் சிம்புகள் இருந்தால் கியரோ பம்போ உடைந்துகொண்டிருக்கிறது. பம்புக்கு எண்ணெய் செல்லும் வழியில் வடிகட்டி இருந்தால் அதையும் கழுவிப் பொருத்த வேண்டும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. டின்னில் பிடித்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வேலை முடிந்து எண்ணெய் ஊற்றியபின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பாரம் இல்லாமல் லிப்டைப் பத்து முறை ஏற்றி இறக்க வேண்டும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பிறகு எண்ணெய் அளவை மறுபடியும் பார்த்துக் குறைந்ததை ஊற்ற வேண்டும். பத்து மணி நேரம் ஓடியபின் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கி, இறங்கும் சோதனையை மீண்டும் செய்து நோட்டில் எழுத வேண்டும்.

எப்போது செய்வது?

இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட ஓய்வுக் காலம். மழை பெய்து நிலம் பதமானபின் வண்டியைப் பிரித்துப் போட்டால், உதிரிபாகத்துக்கு அலைவதிலேயே பதம் போய்விடும். பட்டறையிலும் அப்போதுதான் கூட்டம் மிகுதி. சோதனையைக் கோடையிலேயே செய்துவிட்டால், என்ன பாகம் தேவை என்பது முன்பே தெரிந்துவிடும்.

டிராக்டர் பராமரிப்பை முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஆந்திர மாநிலம் அனந்தபூரை அடுத்த கார்லதின்னையில் மத்திய அரசின் தென் மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. மாவட்டந்தோறும் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களையும் அணுகி விவரம் கேட்கலாம். ஓர் ஊரில் ஒருவர் கற்றுக்கொண்டாலும் அந்த ஊரிலுள்ள பழைய வண்டிகள் அனைத்துக்கும் பயன்படும்.

பழைய வண்டி என்பதற்காக அதன் லிப்ட் இறங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. வெளிக் கசிவை முதலிலும் உள்கசிவைப் பிறகும், மலிவான பாகத்தை முதலிலும் விலை உயர்ந்ததைக் கடைசியிலும் என்ற வரிசையில் பார்த்து வந்தால், பம்புக்குக் கொடுக்கவிருந்த பணம் விதைக்கும் உரத்துக்கும் மிஞ்சும். தூக்கிய கலப்பைக்கு அடியில் எவருடைய கையும் சிக்காது என்ற நிம்மதியும் உடன் கிடைக்கும். உழவர் பெருமக்கள் இந்தக் கோடையிலேயே தங்கள் வண்டியில் இறங்கும் சோதனையைச் செய்து பார்த்துப் பயன் பெறலாம்.